ரிட்டர்ன் பார்சலைப் பிரிப்பதற்கு முன்

புதுப் புடவை போன பார்சலில் பழைய நைட்டி வரும். செல்போன் பெட்டிக்குள் சோப்புக்கட்டி இருக்கும். அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோவில் விற்பவர்களுக்கு இது புதிதில்லை. பிரித்துப் பார்த்த பதற்றத்தில் நாலு போட்டோ எடுத்து, தளத்திடம் இழப்பீடு கேட்டு க்ளெய்ம் போடுவார்கள். அது தள்ளுபடி ஆகும். அந்தப் போட்டோவைப் பார்ப்பவருக்கு நீங்கள் அனுப்பியது புடவையா நைட்டியா என்று எப்படித் தெரியும்? சரக்கு கிளம்பும் நாளிலேயே ஆதாரத்தை எடுத்து வைக்க வேண்டும்.

பேக்கிங் மேசையில் ஒரு டிஜிட்டல் தராசு போதும். பொருளைத் தனியாகவும், லேபிள் ஒட்டிய பார்சலை முழுதாகவும் எடை போட்டு, தராசு எண்ணும் ஆர்டர் எண்ணும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். ரிட்டர்ன் எடுக்கும்போது மேலே இன்னொரு கவர் போடுவார்கள். அதனால் எடை சற்றுக் கூடலாம். நன்றாகக் குறைந்திருந்தால் உள்ளே ஏதோ இல்லை. மின்சாதனம் என்றால் சீரியல் நம்பர், போன் என்றால் ஐஎம்இஐ எண், இரண்டும் பெட்டியில் மட்டுமல்லாமல் பொருளின் மேலும் தெரியப் படம் வேண்டும். பழைய சார்ஜரைப் புதுப் பெட்டியில் போட்டு அனுப்புவதைப் பிடிக்க, பொருளின் அடியில் யூவி பேனாவால் சின்னக் குறி வைக்கலாம். அதற்குரிய டார்ச் அடித்தால்தான் தெரியும்.

புடவையில் பெரும்பாலும் கட்டிவிட்டுத் திருப்புவதுதான் நடக்கும். முகூர்த்த நாள் முடிந்த கையோடு வரும் ரிட்டர்னைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். முந்தானையில் தோள் படும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பின் குத்திய துளைகள் தெரியும். கீழ் பார்டரின் உள்பக்கம் அழுக்குக் கோடு, கொசுவம் செருகிய இடத்தில் மடிப்பு, மஞ்சள் குங்குமக் கறை, சென்ட் வாசனை எல்லாம் அடையாளங்கள். இஞ்ச் டேப் வைத்து அளக்கவும் மறக்க வேண்டாம். ரவிக்கைத் துணியோடு 6.3 மீட்டர் போனது 5.5 மீட்டராக வந்தால், 80 சென்டிமீட்டரை வெட்டிக்கொண்டார்கள்.

ஒருமுறை பூட்டினால் அறுக்காமல் எடுக்க முடியாத டேக்கை முந்தானை ஓரத்தில் மாட்டுங்கள். இடுப்பில் செருகும் முனையில் மாட்டினால் கட்டும்போது மறைந்துவிடும், பயனில்லை. பட்டில் துளை போடாமல் குஞ்சத்தின் முடிச்சு வழியாகக் கோர்க்கலாம்.

ரிட்டர்ன் கொண்டுவரும் கூரியர் பையனுக்கு எப்போதும் அவசரம். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிபி கேட்பார். எண்ணிப் பார்த்து, லேபிள் எண்களைச் சரிபார்த்த பிறகே கொடுங்கள். கிழிந்த, மறுபடி டேப் ஒட்டிய பார்சலை அவர் கையில் இருக்கும்போதே படமெடுத்து, ரசீதில் குறிப்பு எழுதி வாங்குங்கள்.

பிரிக்கும் வீடியோ ஒரே ஷாட்டாக இருக்கட்டும். ஆறு பக்கமும் காட்டி, லேபிள் எண் படிக்கும்படி சில நொடி நிறுத்தி, பிறகு கத்தியை வைக்க வேண்டும். பொருளைக் கேமராவுக்கு வெளியே எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தால் அந்த வீடியோ முழுவதும் வீண். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டுவது நல்லது.

வாராவாரம் மொத்தமாகப் பிரிக்கும் பழக்கம்தான் பலரின் காசைத் தின்கிறது. க்ளெய்மின் கெடு தளத்துக்குத் தளம் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். வந்த அன்றே பிரித்து அன்றே போடுங்கள். காரணத்தையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: வேறு பொருள் வந்ததற்கு ‘சேதம்’ என்று போட்டால் அங்கேயே முடிந்தது. ஆர்டிஓ (அனுப்பியவருக்கே திரும்பும் பார்சல்) என்றால் வாடிக்கையாளர் அதை வாங்கவே இல்லை. அதில் பொருள் மாறியிருந்தால் வழியில்தான் மாறியிருக்கும். வாங்கிய பிறகு வரும் ரிட்டர்னிலும் கூரியர் கையில் மாற வாய்ப்பு உண்டு, வாடிக்கையாளரிடம் பார்சலை எடுத்த நேரத்துப் படங்களைத் தளத்திடம் கேளுங்கள். வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் திட்டுவது வேண்டாம். திருடியவர் அவராக இல்லாவிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

‘ரிட்டர்னே எடுப்பதில்லை’ என்று பலகை மாட்டுவதும் நடக்காது. குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தெளிவான மோசடிக்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். அப்போது வாட்ஸ்அப்பில் சுருங்கிய நகல் போதாது. போனில் பதிவான அசல் கோப்பைத் தேதி வாரியாக ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள். திருட்டுப் போனதாகவோ தொலைந்ததாகவோ எழுதும் சரக்கை வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டிக்காகக் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆக, நஷ்டம் சரக்கின் விலையோடு நிற்பதில்லை. க்ளெய்ம் போடும்போதே இந்தத் தொகையையும் போகவரக் கூரியர் செலவையும் கணக்கில் தனிப் பத்தியில் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பொருளைத் தளத்தில் விற்கலாம், எதை நிறுத்தலாம் என்பதை அந்தப் பத்தியே காட்டும்.