ஆர்க்கைவ்: அதிகாரி வீடா, அரண்தரு காப்பா?

தொலைக்காட்சிச் செய்தியில் திரையின் ஓரத்தில் 'கோப்புப் படம்' என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அது போன வாரம் எடுத்ததாகவும் இருக்கலாம், முப்பது வருஷம் முந்தியதாகவும் இருக்கலாம், இன்றைக்கு எடுத்ததில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அமெரிக்க அதிபர்களின் ஒலிநாடாக்களைப் பற்றித் தமிழில் எழுதும்போதும் இதே கதைதான். 'ஆர்க்கைவல் ரெக்கார்டிங்' என்ற தொடர் குறுக்கே வந்து நிற்கும், பலரும் 'பழைய ஒலிப்பதிவு' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லில் பழமை என்ற பொருளே கிடையாது. என் வீட்டுப் பரணில் இருக்கும் கேசட்டும் பழசுதான், அதை யாரும் ஆர்க்கைவ் என்று சொல்லமாட்டார்கள்.

கிரேக்கத்தில் 'ஆர்க்கே' என்றால் தொடக்கம், ஆட்சி என்று இரண்டு பொருள். ஆட்சி செய்பவர் 'ஆர்க்கோன்'. அவர் இருக்கும் இடம் 'ஆர்க்கேயோன்', அரசாங்க ஓலைகள் அங்கேதான் கிடக்கும். நாளாக ஆக, வீட்டின் பெயர் அதற்குள் இருந்த பொருளுக்கு ஒட்டிக்கொண்டு, லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, வேரில் பார்த்தால் ஆர்க்கைவ் என்பது அதிகாரியின் வீடு. ஆவணம் அங்கே இருப்பதற்குக் காரணம், அது அவருடையது என்பதுதான்.

இது ஏதோ கிரேக்கத்துப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1970-கள் வரை அதிபரின் காகிதங்கள் அதிபரின் சொந்தச் சொத்து, பதவி முடிந்ததும் மூட்டை கட்டி எடுத்துப் போகலாம். ரிச்சர்ட் நிக்ஸன் 1971 பிப்ரவரியிலிருந்து 1973 ஜூலை வரை தன் அலுவலகத்திலும் தொலைபேசியிலும் பேச்சுகளைப் பதிவு செய்துவைத்தார், சுமார் 3,700 மணி நேரம். 1974 ஆகஸ்டில் பதவி விலகினார், அடுத்த மாதமே ஓர் ஒப்பந்தம் போட்டார்: தான் இறந்தாலோ, 1984 செப்டம்பர் வந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது அந்த நாடாக்களை அழித்துவிட வேண்டும். நாடாளுமன்றம் பதறிப்போய் அந்த டிசம்பரிலேயே தனிச் சட்டம் போட்டு அவற்றைக் கைப்பற்றியது. 1978-இல் வந்த இன்னொரு சட்டம்தான், இனி வரும் அதிபர்களின் பதிவேடுகள் எல்லாம் மக்களுக்குச் சொந்தம் என்றது. ஆர்க்கோன் வீட்டிலிருந்து பொருள் வெளியே வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். இன்றைக்கு ஆவணம் என்றவுடன் சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர்தான் நினைவுக்கு வருவார். பழைய தமிழில் இந்தச் சொல்லுக்குக் கடைத்தெரு என்றும் பொருள் உண்டு, வடமொழி 'ஆபண'த்தோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். அகநானூறு 122-ஆம் பாட்டில் 'மல்லல் ஆவணம்' என்று வருவது அதுதான். கடைத்தெருவே தூங்கினாலும் அம்மா தூங்கமாட்டேன் என்கிறாள் என்று காதலி புலம்புகிற பாட்டு.

ஆனால் அதே அகநானூற்றில் 77-ஆம் பாட்டைப் பாருங்கள்: 'கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார், பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்'. குழிசி என்றால் பானை. ஓலைகளைப் பானைக்குள் போட்டு, கயிற்றால் கட்டி, மேலே முத்திரை வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்க வந்தவர்கள் முதலில் பொறி, அதாவது முத்திரை, சேதப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அப்புறம்தான் உடைக்கிறார்கள். (எதற்கு உவமை என்று கேட்டால் வயிறு கலங்கும்: செத்த வீரனின் குடலை இழுக்கும் கழுகுக்கு.) கட்டு, முத்திரை, சரிபார்ப்பு, பிறகு திறப்பு. இந்த வரிசைதான் ஆர்க்கைவ். கடைத்தெருப் பொருளிலிருந்து ஓலைப் பொருள் வந்ததா, இரண்டும் வேறு வேறு சொற்களா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

எனக்கு இன்னும் பிடித்த சான்று பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரர் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார். மாப்பிள்ளை பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் கேட்பது: 'ஆட்சியில் ஆவணத்தில் அன்றிமற்று அயலார் தங்கள் காட்சியில் மூன்றில் ஒன்று காட்டுவாய்'. வழக்கத்தில் இருப்பது, எழுத்தில் இருப்பது, கண்ணால் கண்டவர் சொல்வது, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு. கிழவர் நிதானமாகச் சொல்கிறார், அவன் கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. மூல ஓலை வந்த பிறகும் சபையார் சும்மா நம்பிவிடவில்லை. அந்தப் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை 'அரண்தரு காப்பில்' இருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

அரண்தரு காப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இந்தத் தொடரை ஆர்க்கைவுக்கு இலக்கணமாகவே வைக்கலாம். கிரேக்கச் சொல் யாருடைய இடம் என்று சொல்கிறது, தமிழ்ச் சொல் எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. வழக்காடும் இருவருக்கும் எட்டாத இடத்தில், வேண்டும்போது எடுத்து ஒப்புநோக்க.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததை மூடிமறைத்தார் என்று நிக்ஸன் மேல் எழுந்த வாட்டர்கேட் வழக்கு அப்படியே வெண்ணெய்நல்லூர்தான். நாடாக்களைக் கொடு என்று நெருக்கியபோது, 1974 ஏப்ரல் 29 அன்று தொலைக்காட்சியில் தோன்றினார், பக்கத்தில் அட்டை போட்ட கோப்புகள் அடுக்கடுக்காக. நாடாவைக் கேட்டு எழுதிய படி, அதுவும் தன் ஆட்கள் வெட்டித் திருத்தியது, கெட்ட வார்த்தை வந்த இடமெல்லாம் 'வசைச்சொல் நீக்கப்பட்டது' என்று குறிப்பு. படியோலை! உச்ச நீதிமன்றம் ஜூலை 24 அன்று ஒரே குரலில் மூல ஓலையைக் கேட்டது. ஆகஸ்ட் 5-இல், விசாரணையைத் தடுக்க அவரே ஒப்புக்கொண்ட 1972 ஜூன் 23-ஆம் தேதிப் பேச்சு வெளியே வந்தது, நான்கே நாளில் பதவி போனது. நடுவே ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலாக இருக்கிறதே, அதுதான் கிழிந்த ஓலை, இன்றுவரை ஒட்டவில்லை.

இப்போது தொடரின் பின்பாதி, 'ரெக்கார்டிங்'. லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். 'ரெகோர்தாரி' என்றால் மறுபடி மனத்துக்குக் கொண்டுவருவது, நம் நினைவுகூர்தல். தமிழில் நாம் சொல்லும் பதிவு வேறு திசையிலிருந்து வருகிறது. பதிதல் என்றால் அழுந்துதல், ஈர மண்ணில் கால் பதிகிற மாதிரி. நிக்ஸனுக்கு முந்திய அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைபேசிப் பேச்சுகளைப் பிடித்துவைத்தது டிக்டாபெல்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில். சுழலும் பட்டை மேல் ஊசி ஓடும், பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்காது, அழுத்திக்கொண்டே போகும். பதிவு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருக்க முடியாது.

இரண்டு பொருளையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் முன்னாள் அதிபர்களின் ஒலிகளும் அப்படியே இரண்டாகப் பிரிகின்றன. 1964 மே 27 அன்று ஜான்சன் தன் ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் வியட்நாம் பற்றிப் பேசுகிறார். இரவெல்லாம் தூக்கமில்லை என்கிறார், இதற்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது, விட்டு வெளியே வரவும் முடியாது போலிருக்கிறது என்கிறார். அடுத்த ஆண்டு தரைப்படையை அனுப்பினார். இது பதிவு, முடிவுக்கு முன்னால் அழுந்தியது. (அதே 1964 ஆகஸ்டில், தையற்காரரிடம் சொல்வது போல, எங்கே பிடிக்கிறது எங்கே விடவேண்டும் என்று கூச்சமில்லாமல் விளக்கிக் கால்சட்டை ஆர்டர் கொடுத்த பேச்சும் இதே காப்பில்தான் இருக்கிறது.) தான் இறந்து 50 ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று முத்திரையிடச் சொன்னார் ஜான்சன். 1973-இல் இறந்தார், கணக்குப்படி 2023. அதுவரை பட்டை தாங்காது என்ற கவலையில் டெக்ஸஸில் உள்ள அவருடைய நூலகம் 1990-களிலேயே பொறிகண்டு அழித்து, அதாவது முத்திரையை உடைத்து, திறந்துவிட்டது.

இன்னொரு பக்கம் 1977-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காரர் டேவிட் ஃப்ராஸ்டுக்கு நிக்ஸன் கொடுத்த நேர்காணல். பணம் வாங்கிக்கொண்டு, ஒப்பனை செய்துகொண்டு, கேமரா முன் கிட்டத்தட்ட 29 மணி நேரம். ஓர் அதிபர் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்று சொன்னது அதில்தான். இது நினைவுகூரல், மூன்று ஆண்டு யோசித்துச் சமைத்தது. ஃப்ராஸ்ட் நாடாக்களின் எழுத்துப்படியைக் கையில் வைத்துக்கொண்டு நிக்ஸனின் வரிகளையே ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக்காட்டும் இடம் இருக்கிறதே, அங்கே நினைவையும் பதிவையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒப்புநோக்குகிறார். அதைப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை. ஆர்க்கைவ் என்பதற்கு 'ஆவணக் காப்பகம்' போதும், எழும்பூரில் 1909-இலிருந்து நிற்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அந்தப் பெயரை நிலைநாட்டிவிட்டது. வெறும் காப்பகம் என்றால் சிக்கல், காப்பகத்தில் குழந்தைகளும் முதியோரும் முண்டந்துறைப் புலிகளும் இருக்கிறார்கள். காப்பகப் பதிவு என்று தலைப்பு வைத்தால் புலி உறுமல் என்று நினைத்துவிடுவார்கள். எனவே கட்டுரையில் முதல் முறை 'ஆவணக் காப்பகப் பதிவு' என்று முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் 'காப்பகப் பதிவு' என்று சுருக்கலாம். பதவிக்குப் பின் உட்கார்ந்து சொன்னதற்கு 'நினைவுரை'. இவற்றை 'ஆவணப்படம்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் இந்தப் பிரிவுக்குள் அடங்க மறுக்கிறது. 1963 நவம்பர் 4, திங்கள்கிழமை. சைகோனில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து தென் வியட்நாம் அதிபர் தியெம் கொல்லப்பட்டு இரண்டே நாள். ஜான் கென்னடி தனியாக டிக்டாபெல்ட் முன் பேசுகிறார்: இதில் நமக்குப் பெரும் பொறுப்பு உண்டு, கவிழ்ப்புக்கு இடம்கொடுத்து ஆகஸ்டில் போன அந்தத் தந்திக்கு, எல்லாரையும் உட்காரவைத்துப் பேசாமல் நான் ஒப்புதல் தந்திருக்கக் கூடாது. நினைவுரைதான், ஆனால் ஆறவில்லை. நடுவில் அறைக்குள் குழந்தைகள் வந்துவிடுகிறார்கள். மூன்று வயது நிரம்பாத மகனிடம், இலை ஏன் உதிர்கிறது, பனி ஏன் தரையில் விழுகிறது, இலை ஏன் பச்சையாகிறது என்று அப்பா கேட்கிறார். பட்டை சுழன்றுகொண்டே இருக்கிறது. அப்புறம் குரல் மாறி, தியெமின் சாவுக்குத் திரும்புகிறது.