முதுமையைத் தள்ளிப்போடும் மருந்தை ஏன் விட்டு விட்டுத் தர வேண்டும்?

நடுவயதைத் தாண்டிய ஒருவர் இறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. வயது கூடக் கூட இறப்பு வாய்ப்பு இப்படி மடங்கு மடங்காகப் பெருகும் என்பதை 1825-லேயே பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற கணிதவியலாளர் இறப்புப் பட்டியல்களிலிருந்து கண்டறிந்தார். புற்றுநோயை முற்றாக ஒழித்தால்கூடச் சராசரி ஆயுள் சுமார் 3 ஆண்டுகள்தான் கூடும் என்று கணக்கிடுகிறார்கள். காரணம் இந்த இரட்டிப்புதான். 80 வயதில் புற்றுநோயிலிருந்து தப்பியவரை மாரடைப்போ, பக்கவாதமோ, சிறுநீரகச் செயலிழப்போ விரைவில் பிடித்துவிடும். ஆகவே ஆயுளைக் கணிசமாக நீட்ட வேண்டுமானால், இந்த நோய்கள் அனைத்துக்கும் அடியில் இருக்கும் மூப்பையே தொட வேண்டும்.

அதற்கான மூன்று வழிகள் ஆய்வகத்தில் நன்றாக வளர்ந்துள்ளன. மூன்றும் வெவ்வேறு இடத்தில் வேலை செய்பவை. ஆனால் ஒரு சிக்கல் மூன்றுக்கும் பொது: மருந்தை இடைவிடாமல் கொடுத்தால் கெடுதல் வருகிறது.

முதல் வழி, மூப்புற்ற செல்களை அகற்றுவது. வளர்ப்புத் தட்டில் மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961-ல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினர். குரோமோசோம் முனைகள் தேய்ந்தாலோ டிஎன்ஏ சேதமுற்றாலோ செல் இப்படிப் பிரிவதை நிரந்தரமாக நிறுத்திக்கொள்கிறது. இது புற்றுநோய்க்கு எதிரான காவல். ஆனால் நின்றுபோன செல் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து பக்கத்துத் திசுவையும் கெடுக்கிறது. இளமையில் நோய் எதிர்ப்பு செல்கள் இவற்றைத் துப்புரவு செய்துவிடும். முதுமையில் அந்த வேலை பின்தங்கிப்போகிறது.

2016-ல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில், இத்தகைய செல்கள் மட்டும் மடியும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு ஒரு வயதிலிருந்து வாரம் இருமுறை மருந்து கொடுத்தார்கள். இடைநிலை ஆயுள், அதாவது பாதி எலிகள் இறந்துபோகும் வயது, ஏறத்தாழ 25% கூடியது. மனிதர்களிடம் அந்த மரபணு ஏற்பாடு இல்லை. எனவே இந்த செல்கள் தற்கொலை செய்யாமல் தம்மைக் காத்துக்கொள்ளும் பாதைகளை முறிக்கும் மருந்துகள் தேவைப்படுகின்றன. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 9 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான சிறு ஆய்வில், ரத்தப் புற்றுநோய் மருந்தான டசாடினிப் 100 மில்லிகிராமும், தாவர நிறமியான குவெர்செடின் 1,000 மில்லிகிராமும் நாள்தோறும் தரப்பட்டன, அதுவும் 3 நாட்கள் மட்டும். 11 நாட்கள் கழித்து எடுத்த கொழுப்புத் திசுவில் மூப்புற்ற செல்கள் குறைந்திருந்தன. அதற்கு வெகுமுன்பே மருந்து உடலைவிட்டு நீங்கியிருக்கும். செத்த செல் திரும்புவதில்லை, புதியவை சேர நாளாகும். ஆகவே ஒரு முறை தாக்கிவிட்டு விலகினால் போதும்.

விலகியே ஆகவும் வேண்டும். புண் ஆறும்போது தற்காலிகமாகத் தோன்றும் மூப்புற்ற செல்கள் குணமாவதற்கு உதவுகின்றன. அவற்றை அகற்றிய எலிகளில் காயம் மெதுவாகவே ஆறியது. நாவிடோக்ளாக்ஸ் என்ற இன்னொரு மருந்து முறிக்கும் காப்புப் புரதத்தை நம்பித்தான் ரத்தத் தட்டணுக்களும் உயிர்வாழ்கின்றன. அதனால் தட்டணு எண்ணிக்கை சரிந்து ரத்தக்கசிவு அபாயம் வருகிறது. எலியில் தெரிந்த பலன் மனிதரிடம் வராமல் போனதும் உண்டு: முழங்கால் தேய்மானத்துக்கு இவ்வகை மருந்தை ஊசியாக ஏற்றிய சோதனை, ஒப்பீட்டுக்காகப் போட்ட மருந்தில்லாத ஊசியைவிட மேலான பலன் எதையும் காட்டாமல் 2020-ல் தோற்றது.

இரண்டாவது, ரேபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியா தரும் பொருள் இது. சத்து நிறைய இருக்கிறது, வளரலாம் என்று செல்லுக்குச் சொல்லும் எம்டார் புரதத்தை அடக்குகிறது. உடனே செல் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, பழுதான தன் பாகங்களை உடைத்து மறுபயன்பாட்டுக்கு எடுக்கத் தொடங்கும். 600 நாள் வயதில், அதாவது கிட்டத்தட்ட மனிதரின் 60 வயதில், இதைத் தொடங்கிய எலிகளில் 90% இறக்கும் வயது பெண்களில் 14%, ஆண்களில் 9% தள்ளிப்போனது என்று 2009-ல் அறிவித்தனர். முதுமை வந்தபின் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதுதான் இதில் என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி.

எம்டார் இரண்டு கூட்டமைப்புகளில் இயங்குகிறது. முதலாவதை ரேபமைசின் விரைவில் அடக்கும். மருந்து பாதியாகக் குறையவே சுமார் 60 மணி நேரம் ஆவதால், தினமும் விழுங்கினால் அது உடலில் தேங்கி இரண்டாவதும் கலைந்துவிடும். அப்போது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காது, சர்க்கரை ஏறும், வாய்ப்புண்ணும் வரலாம். வாரம் ஒருமுறை என்ற அளவு இதைத் தவிர்க்கத்தான். 65 வயதைக் கடந்தவர்களிடம் இதே குடும்பத்து மருந்தான எவரோலிமஸை 6 வாரம் கொடுத்தபின் தடுப்பூசி போட்ட 2014 ஆய்வில், தினம் 0.5 மில்லிகிராம் அல்லது வாரம் 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவுகளிலேயே ஃப்ளூ தடுப்பூசிக்கு எதிர்வினை சுமார் 20% உயர்ந்தது. உறுப்பு மாற்று நோயாளிகளின் எதிர்ப்பாற்றலை அடக்கப் பயன்படும் மருந்து, அளவு மாறியதும் அதை வலுப்படுத்துகிறது.

மூன்றாவது வழிதான் மிகத் துணிச்சலானது: செல்லின் வயதையே பின்னோக்கித் திருப்புவது. டிஎன்ஏ மீது எந்தெந்த இடத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டியுள்ளன என்பது வயதோடு மாறுகிறது. 2013-ல் ஸ்டீவ் ஹோர்வத் 353 இடங்களை அளந்தே ஒருவரின் வயதைச் சில ஆண்டுப் பிழையோடு சொல்ல முடியும் என்று காட்டினார். அந்தக் குறிகளை அழித்து எழுதும் கருவி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஷின்யா யமனாகா 2006-ல் கண்ட 4 புரதங்கள், முதிர்ந்த தோல் செல்லையே கருநிலைக்குத் திருப்பிவிடும்.

ஆனால் கல்லீரல் செல் கருநிலைக்குப் போனால் கல்லீரல் வேலையை யார் பார்ப்பது? எலியில் அந்த 4 புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களைத் தொடர்ந்து இயக்கியபோது சில நாட்களிலேயே எடை குறைந்து இறந்தன. பிழைத்தவற்றில் பலவகைத் திசுக்கள் கலந்த கட்டிகள் வளர்ந்தன. 2016-ல் சால்க் ஆய்வகத்தினர் அதே மரபணுக்களை வாரத்தில் 2 நாள் இயக்கி 5 நாள் நிறுத்தினர். அகால முதுமை நோயுள்ள அந்த எலிகளின் இடைநிலை ஆயுள் சுமார் 18 வாரத்திலிருந்து 24 ஆனது. இரண்டே நாளில் வயதுக் குறிகள் கலையத் தொடங்குகின்றன, செல்லின் அடையாளமோ அதற்குள் அழிவதில்லை.

இந்தத் துறைச் செய்திகளில் விழுக்காட்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். 124 வார வயதான எலிகளில் அந்த 4-ல் 3 மரபணுக்களை மட்டும் இயக்கிய 2024 ஆய்வு 109% கூடுதல் என்றது. அது எஞ்சிய ஆயுளில்: சுமார் 9 வாரம் 18-க்குச் சற்று மேல் ஆனது. மொத்த ஆயுளில் பார்த்தால் 7% அளவுதான்.

மனிதருக்கு இதை எப்படி ஏற்றுவது? தீங்கற்ற ஏஏவி வைரஸில் மரபணுவை வைத்து அனுப்பலாம். ஆனால் ஒருமுறை ஏற்றியதும் உடல் அதற்கு எதிரணுக்களை உருவாக்கிவிடும், மறுமுறை வேலை செய்யாது. உள்ளே போன மரபணுவைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே நிறுத்தும் விசை முதல் ஊசியிலேயே இருந்தாக வேண்டும். எலிகளில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால் மரபணு இயங்கும், நிறுத்தினால் அடங்கும். மனிதர் அதைப் பல ஆண்டுகள் விழுங்கினால் குடல் பாக்டீரியா கெடும். இன்னொரு வழி, புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குக் கொண்டுபோகும் எம்ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளில் பொதிந்து தருவது. அது சில நாட்களில் தானே சிதைந்துவிடுவதால் தனி விசை தேவையில்லை, மீண்டும் மீண்டும் தரவும் முடியும். ஆனால் ரத்தத்தில் ஏற்றினால் அந்தத் துகள்களில் பெரும்பகுதி கல்லீரலில் போய்த் தங்கிவிடுகிறது. ஆகவே இப்போதைக்கு எளிதில் எட்டக்கூடிய உறுப்பு கல்லீரல். மூளைக்கும் இதயத் தசைக்கும் போதிய அளவில் கொண்டு சேர்க்கும் துகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.