மவுண்ட்: ஏற்றுவதா, பொருத்துவதா?

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வட்டை ஒரு அடைவோடு (கோப்புறையோடு) இணைக்கும் 'மவுண்ட்' கட்டளையை 'ஏற்று' என்று தமிழில் எழுதுகிறார்கள். வேரைப் பார்த்தால் தப்பில்லை. லத்தீனில் மலையைக் குறிக்கும் 'மோன்ஸ்' என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, குதிரை மேல் ஏறுவது வரைக்கும் பொருள் விரிந்தது. ஆனால் கணினிக்குள் அது வந்த வழி வேறு. அந்தக் காலத்து வட்டு, நாடா எல்லாம் ஆள் போய்க் கையால் இயந்திரத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்ற வேண்டியவை. 1971 நவம்பரில் வந்த லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட் இருக்கிறது, கூடவே கழற்றுவதற்கான உமவுண்டும். 'அன்மவுண்ட்' என்பதில் அன்று விட்டுப்போன அந்த 'ன்' இன்றுவரை சேரவில்லை.

'ஏற்று' என்றதும் கோப்புகள் எங்கிருந்தோ வந்து இறங்குவது போலத் தோன்றும், ஏனென்றால் லோடு, அப்லோடு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். உண்மையில் எதுவும் நகர்வதில்லை. ஒரு அடைவின் வாயில் வட்டைப் பொருத்துகிறோம், அவ்வளவுதான். அந்த அடைவில் முன்பே ஏதாவது இருந்தால் அழியாது, மறைந்துகொள்ளும்.

இதில்தான் ஷெல் ஸ்கிரிப்ட்டுகள், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் கோப்புகள், விழுகின்றன. இரவு பேக்கப் எடுக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு வட்டின் பெயர் எஸ்டிபி1 என்பதிலிருந்து எஸ்டிசி1 ஆக மாறியிருந்தது. மவுண்ட் தோற்று 32 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தந்தது, ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய், வட்டு பொருத்தப்படாத வெறும் அடைவுக்குள், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ஓட்ட, காலையில் இயங்குதளம் இருக்கும் ரூட் வட்டு நிரம்பிவிட்டது. அப்புறம் யாரோ வட்டைக் கையால் பொருத்தியதும் நிலைமை இன்னும் குழம்பியது: வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் 'ரூட் நிரம்பியது' என்கிறது, அடைவுகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூவில் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. வட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடியில் கிடந்த மூட்டை தெரிந்தது. வட்டை யுயுஐடியால் (மாறாத அடையாள எண்ணால்) குறிப்பிட்டு, எழுதத் தொடங்கும் முன் அடைவில் வட்டு பொருந்தியிருக்கிறதா என்று 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ' என்ற ஒரு வரியால் சோதித்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

அதனால் என் தேர்வு பொருத்து, கழற்று. வட்டு பொருத்தப்படும் அடைவான மவுண்ட் பாயிண்ட்டுக்குப் பொருத்துமிடம். 'மாட்டு' கூட நல்ல சொல்தான், ஆனால் 'மாட்டிக்கொண்டது' என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும். உமவுண்ட் செய்யும்போது 'டார்கெட் இஸ் பிசி' என்று வந்தால் பொருத்துமிடத்தை ஏதோ ஒரு நிரல் இன்னும் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். பல நேரம் அது அந்த ஸ்கிரிப்ட்டேதான், அடைவு மாறும் சிடி கட்டளையைப் போட்டு உள்ளே போனது வெளியே வராமலே கழற்றப் பார்த்திருக்கும்.