வெள்ள நிவாரணச் செலவு: விலக்கு டெண்டருக்குத்தான், கணக்குக்கு இல்லை

மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த பிறகுதான் உள்ளாட்சி மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தப் பொருள் வரும். "அவசர அவசியம் கருதி மேற்கொள்ளப்பட்ட பணிகளுக்கான செலவினத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு" என்று தலைப்பு; அதாவது, செய்து முடித்த செலவுக்குப் பிறகு பெறும் ஒப்புதல். கீழே ஜேசிபி வாடகை, டீசல் மோட்டார் வாடகை, மணல் மூட்டை, பிளீச்சிங் பவுடர், முகாம் உணவு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மூட்டை, எந்தத் தெரு என்பதெல்லாம் அந்தத் தாளில் பெரும்பாலும் இருக்காது.

விளக்கம் கேட்டால், "பேரிடர் காலச் செலவு, டெண்டர் தேவையில்லை, அதற்கெல்லாம் கணக்குக் கேட்க முடியாது" என்பார்கள். இதில் டெண்டர் பற்றிச் சொல்வது சரி. கணக்குக் கேட்க முடியாது என்பது தவறு.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் பிரிவு 50 அவசரக் கொள்முதலைப் பற்றியது. மீட்புக்கும் நிவாரணத்துக்கும் பொருளோ வளமோ உடனே தேவை என்று தேசிய, மாநில அல்லது மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கருதினால், டெண்டர் இல்லாமலே வாங்க ஒரு துறைக்கோ அமைப்புக்கோ அதிகாரம் தரலாம். அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. வாங்கிய பொருள் எப்படிப் பயன்பட்டது என்று, அதற்கென அதிகாரம் பெற்ற கட்டுப்பாட்டு அலுவலர் தரும் சான்றிதழ்தான் கணக்குக்குச் செல்லத்தக்க வவுச்சராகக் கொள்ளப்படும். ஆக, இரண்டு தாள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: அதிகாரம் தந்த உத்தரவு, பயன்பாட்டுச் சான்று. இவற்றின் நகலைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-உம் பிரிவு 16-இல் இயற்கைப் பேரிடர் காலக் கொள்முதலுக்கு டெண்டர் கோருவதிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் அது அரசு அறிவித்த காலத்துக்குள் நடக்கும் கொள்முதலுக்கு மட்டும். அதனால் தேதிகள் முக்கியம். வெள்ளம் டிசம்பரில் வந்திருக்க, பணி ஆணை மார்ச்சில் போடப்பட்டு, அதே "வெள்ளத் தடுப்பு" தலைப்பில் சாலை போட்டிருந்தால், அந்தப் பணிக்கு ஏன் டெண்டர் இல்லை என்பது நியாயமான கேள்வி.

யாரிடம் கேட்பது?

பலரும் தடுமாறும் இடம் இது. இறப்பு, வீடு இடிதல், கால்நடை இழப்பு, பயிர்ச் சேதம் போன்ற தனிநபர் நிவாரணம் ஊராட்சி வழியாகவோ நகராட்சி வழியாகவோ வருவதில்லை. அதைக் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என வருவாய்த் துறை கையாள்கிறது. மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து வரும் பணம் அது. தமிழ்நாடு போன்ற பொதுப்பிரிவு மாநிலங்களில் அதில் ஒன்றிய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. எதற்கு எவ்வளவு தரலாம் என்பதற்கு ஒன்றிய அரசின் அளவுகோல் இருக்கிறது. 2022–26 காலத்துக்கான பட்டியலில் உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம், சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு ரூ.1.20 லட்சம், சேதமான குடிசைக்கு ரூ.8,000. மாநில அரசு தன் கையிலிருந்து கூடுதலாகவும் தரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் குடும்பத்துக்கு ரூ.6,000 தரப்பட்டது நியாயவிலைக் கடைகள் வழியாக. இவை பற்றிய கேள்வியை நகராட்சிக்கு அனுப்பினால் "எங்களிடம் இல்லை" என்று பதில் வருவதில் வியப்பில்லை.

உள்ளாட்சி செய்யும் செலவு வேறு: தேங்கிய நீரை இறைத்தல், பொது இடக் குப்பையும் இடிபாடும் அகற்றல், லாரியில் குடிநீர், முகாம் ஏற்பாடு, கிருமிநாசினி தெளித்தல், வாய்க்கால் உடைப்பு அடைத்தல். பணம் பொது நிதியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம், ஆட்சியர் ஒதுக்கியிருக்கலாம், நிதி ஆணைய மானியத்திலிருந்தும் போயிருக்கலாம். ஆகவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தலைப்பில் செலவானது? ஒரே மோட்டார் வாடகை பொது நிதியிலும் ஆட்சியர் ஒதுக்கீட்டிலும் இரண்டு முறை ஏறுவது, இரு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

மழையோடு போகும் வேலைகள்

கட்டடம் கட்டினால் பிறகு போய் அளக்கலாம். தூர்வாரிய மண், அடுக்கிய மூட்டை, தெளித்த பவுடர், இறைத்த தண்ணீர் இவற்றை மூன்று மாதம் கழித்து யாரும் அளக்க முடியாது. முறைகேடு நடந்தால் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். அதனால்தான் அன்றன்று எழுதப்படும் சின்னச் சின்னத் தாள்களுக்கு இவ்வளவு மதிப்பு.

ஜேசிபிக்கும் மோட்டாருக்கும் லாக் ஷீட் உண்டு. வண்டி எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மீட்டர் அளவு, இடம், ஓட்டுநர் கையெழுத்து, மேற்பார்வை செய்தவர் கையெழுத்து இவை அதில் இருக்க வேண்டும். எல்லா வார்டுகளின் லாக் ஷீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரே வண்டி எண் காலை 9 மணிக்கு 4-ஆவது வார்டிலும், அதே நேரத்தில் 17-ஆவது வார்டிலும் ஓடியிருக்கிறதா பாருங்கள். ஐந்து நாள் ஷீட்டும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு துளி அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால், கொட்டும் மழையில் எழுதிய தாளாக அது இருக்க வாய்ப்புக் குறைவு. டீசலைத் தனியாக வாங்கிக் கொடுத்திருந்தால், பங்க் ரசீதின் லிட்டரை ஓடிய மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கலாம். வாடகையிலேயே டீசலும் சேர்த்தி என்று பணி ஆணையில் இருக்க, டீசலுக்கும் தனி வவுச்சர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முகாம் உணவுக்கு இரண்டு தாள்: சமைத்தவரின் பில், முகாமில் தங்கியவர் பதிவேடு. எடுத்துக்காட்டாக, பதிவேட்டின்படி 180 பேர் மூன்று நாள் தங்கினார்கள் என்றால், மூன்று வேளைக்கு மொத்தம் 1,620 சாப்பாடு. பில்லில் 2,400 பொட்டலம் என்றால் 780 அதிகம். உடனே திருட்டு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வீட்டு மாடியில் சிக்கியவர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை என்ற விநியோகக் குறிப்பு இருக்கும். அதைக் கேட்பதுதான் அடுத்த படி.

பவுடர், தார்ப்பாய், போர்வை, மூட்டைச் சாக்கு இவற்றுக்கு இருப்புப் பதிவேடு. வந்தது, போனது, மீதி என்ற மூன்று பத்தியும் ஒவ்வொரு தேதியிலும் கூட்டிக் கழித்தால் சரியாக வர வேண்டும். தொண்டு நிறுவனங்களும் தனியாரும் தந்த பொருட்கள் இதே பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதை விடாமல் பாருங்கள். நன்கொடையாக வந்த போர்வையை வாங்கியதாகக் காட்டுவதற்கு, அது பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் போதும்.

தூர்வாருதலுக்கும் இடிபாடு அகற்றலுக்கும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். நீளம், அகலம், ஆழம், எடுத்த நாள், அளந்த பொறியாளர் கையெழுத்து, மேலதிகாரி சரிபார்த்த குறிப்பு. வேலைக்கு முன் இருந்த ஆழம் பதிவாகவில்லை என்றால், பின் அளவை மட்டும் வைத்து எடுத்த மண்ணைக் கணக்கிட முடியாது. லாரி நடை கணக்கு என்றால் எந்த இடத்தில் கொட்டினார்கள் என்பதும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டியது.

விண்ணப்பம் எழுதும் விதம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் ரூ.10. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மாநில அரசின் ஆர்டிஐ இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகல் பக்கத்துக்கு ரூ.2. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கிராம ஊராட்சி என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு. முகவரி தவறினாலும், பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

"ஏன் இவ்வளவு செலவு?", "இது முறைகேடு இல்லையா?" என்று எழுதினால் விண்ணப்பம் வீண். ஆவணத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. "வெள்ள நிவாரணம் தொடர்பான அனைத்து விவரங்களும்" என்று கேட்டாலும் இழுத்தடிக்க வழி கிடைக்கும். தாளின் பெயர், தேதி, வார்டு மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"டிசம்பர் 1 முதல் 31 வரை, 4-ஆவது வார்டில் மழைநீர் அகற்றப் பயன்படுத்திய வாடகை இயந்திரங்களின் பணி ஆணை, லாக் ஷீட், பில், பணம் வழங்கிய வவுச்சர் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். இக்கொள்முதலுக்கு டெண்டர் விலக்கு அளித்த உத்தரவின் நகலும், பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிரிவு 50-இன் கீழான பயன்பாட்டுச் சான்றின் நகலும் வேண்டும். மேற்கண்ட கோப்புகளைப் பிரிவு 2(ஜே)-இன்படி நேரில் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகல் வாங்குவதைவிடக் கோப்பை நேரில் பார்ப்பது பலமடங்கு பயன் தரும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. குறிப்புத் தாள்களில் யார் எந்தத் தேதியில் கையெழுத்திட்டார்கள், விலைப்புள்ளி தந்த மூன்று கடைகளின் தாள்களும் ஒரே எழுத்துருவில் ஒரே பிழையோடு இருக்கின்றனவா என்பதெல்லாம் கோப்பைப் புரட்டும்போதுதான் கண்ணில் படும். பக்க எண் இடாத கோப்பு என்றால், எத்தனை தாள் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இதே பிரிவு பணியைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட உரிமை தருகிறது. மிச்சம் இருக்கும் பிளீச்சிங் பவுடரின் தரத்தில் ஐயம் என்றால் மாதிரி கேட்கலாம்.

மறுக்கும்போது

பதிலுக்கு 30 நாள் கெடு. கடந்துவிட்டால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். "கோப்பு தணிக்கையில் இருக்கிறது", "மன்றத்தின் பின்னேற்பு இன்னும் பெறவில்லை" என்ற இரண்டும் அடிக்கடி வரும் பதில்கள். தகவலை மறுப்பதற்கான காரணங்கள் பிரிவு 8-லும் 9-லும் உள்ளன. இவை இரண்டும் அங்கே இல்லை. ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம் என்று 8(1)(டி)-யைக் காட்டினால், பொதுப் பணத்தில் பணம் பெற்றுவிட்ட பில்லில் எந்தப் போட்டி நலனும் கெடாது என்று எழுதுங்கள். பயனாளி பெயர்களைத் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே)-யின் கீழ் மறுத்தால், பெயரை விட்டுவிட்டுத் தெருவாரியாக எண்ணிக்கையும் தொகையும் கேளுங்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தர பிரிவு 10 வழிசெய்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்று 8(2) சொல்கிறது. வெள்ளத்தில் எல்லாம் இழந்த குடும்பத்தின் பெயரையும் ஆதார் எண்ணையும் ஊரெங்கும் பரப்புவது நமக்கும் வேண்டாம்.

பதில் வந்த நாளிலிருந்தோ கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், நீட்டித்தால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே வழக்குகள் தேங்கி நிற்பதால், முதல் மேல்முறையீட்டிலேயே பிரிவு எண்களோடு அழுத்தமாக எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

விண்ணப்பமே போடாமல் கேட்க இடமும் இருக்கிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். செலவுத் தொகையை மட்டும் வாசித்தால், பணிவாரியாகப் படிக்கச் சொல்லி, தராத விவரத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் இந்தக் கடமை மாறாது. நகரங்களில், பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையில் கேட்கலாம். நிதி ஆணைய மானியத்திலிருந்து ஊராட்சி செலவிட்டிருந்தால், ஊராட்சிக் கணக்குகளுக்கான இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் கட்டண விவரம் பொதுவெளியிலேயே கிடக்கும்.

தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால், அவற்றை இணைத்து உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் உள்ளாட்சி அமைப்புகள் முறைமன்ற நடுவத்துக்கும் (ஓம்புட்ஸ்மன்) புகார் அனுப்பலாம். லஞ்சம் சம்பந்தப்பட்டது என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம். நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 53 சொல்கிறது. அந்தப் பிரிவில் தனிநபரும் நீதிமன்றம் போகலாம். ஆனால் பிரிவு 60-இன்படி, புகார் செய்யப்போவதாக உரிய ஆணையத்துக்கோ அரசுக்கோ குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தந்திருக்க வேண்டும். அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.