மூக்குக்கு முன்னால் ஒரு சாண் காலி இடம்

கைக்குழந்தை இருக்கிற டெல்லித் தமிழ் வீட்டுக்கு டிசம்பர் மாதம் போய்ப் பாருங்கள். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்போ, மயூர் விஹார் அடுக்ககமோ, எதுவானாலும் சரி, கட்டிலின் நடுவில் ஒரு துணிக்குவியல் இருக்கும், குழந்தை அதற்குள் எங்கோ இருக்கும். ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சுத் தலையணை, உருண்டுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் திண்டு, மேலே ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வை, தலையில் கம்பளிக் குல்லா, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா கொடுத்த கடுகுத் தலையணை, போதாக்குறைக்கு யாரோ வாங்கி வந்த கரடி பொம்மை. எல்லாம் பாசத்தில் சேர்ந்தவைதான். ஆனால் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் இதில் ஒன்றுகூடத் தேவையில்லை, பாதிக்கு மேல் ஆபத்து. ஏன் என்பதற்கு அந்தச் சின்ன உடம்பு மூச்சு விடும் விதத்தைப் பார்க்க வேண்டும், அது பிடிபட்டுவிட்டால் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால்வாசி தலைதான். நமக்கு அது ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ. அந்தப் பெரிய தலையில் பின்மண்டை நன்றாகப் புடைத்திருக்கும், அதைத் தாங்கவேண்டிய கழுத்துக்கோ பலமே கிடையாது. சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்தால் கழுத்து நேராக நிற்கும். தலைக்குக் கீழே தலையணை ஒன்றைச் செருகினால் தலை முன்னுக்கு மடங்கும், முகவாய் நெஞ்சில் போய் இடிக்கும், உள்ளே காற்று போகிற வழி ரப்பர் குழாயை மடக்கின மாதிரி நெருங்கிவிடும். குழல் சன்னமானால் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இயற்பியலில் ஒரு கொடூரமான கணக்கு இருக்கிறது: சீராக ஓடும் காற்றுக்குக் குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு ஆகிறது. நம்முடைய மூச்சுக்குழலில் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் தெரியக்கூடத் தெரியாது, சில மில்லிமீட்டரே அகலமுள்ள பச்சைக் குழந்தையின் குழலில் அது பெரிய விஷயம். போதாததற்கு முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் சுவாசிக்கும். மூக்கு அடைத்தால் உடனே வாயைத் திறந்து சமாளிக்கும் சாமர்த்தியம் இன்னும் முழுசாக வந்திருக்காது. எடைக்கு எடை பார்த்தால் அதற்கு நம்மைப்போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால்தான் நிமிடத்துக்கு 30 முதல் 60 மூச்சு. கையிருப்பும் குறைவு, காற்று தடைப்பட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது ரஜாய்க்கு வருவோம். நாம் உள்ளிழுக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம், வெளியே விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. திறந்த இடத்தில் இது உடனே கலைந்துபோகும். முகத்தின் மேல் ரஜாய் ஏறியிருந்தாலோ, மெத்தென்ற தலையணையில் முகம் புதைந்திருந்தாலோ, விட்ட மூச்சு மூக்கின் முன்னால் ஒரு சின்னப் பள்ளத்தில் அப்படியே தங்கும், குழந்தை அதையே திரும்ப இழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்து கரியமில வாயு கொஞ்சம் கூடும். கழுத்தை யாரும் நெரிக்க வேண்டியதில்லை, மூக்கை முழுசாக மூட வேண்டியதும் இல்லை, துணிக்கு நடுவே காற்று போகிற மாதிரித் தெரிந்தாலும் இது நடக்கும்.

நமக்கு இப்படி ஆனால் என்ன செய்வோம்? தூக்கத்திலேயே மூளைத்தண்டு விஷயத்தைக் கண்டுபிடித்து நம்மை உசுப்பும், புரண்டு படுப்போம், போர்வையை உதறுவோம். குழந்தையும் இதைத்தான் செய்யவேண்டும், ஆனால் தலையைத் தூக்கவோ துணியைத் தள்ளவோ அதற்கு வலு இல்லை, மிஞ்சியிருப்பது விழித்து அழுவது ஒன்றுதான். ஆக, அந்த விழிப்புதான் அதன் காவல். குப்புறப் போட்டால் இந்தக் காவல் தளர்கிறது, குழந்தை ஆழமாகத் தூங்குகிறது, எளிதில் எழுவதில்லை. உடம்பு அதிகமாகச் சூடானாலும் அப்படித்தான். "குப்புறப் போடுடி, அசையாமத் தூங்குவான்" என்று மாமியார் சொல்வது பொய்யில்லை, அவர் பார்த்தது உண்மை. அசையாமல் தூங்குவதுதான் இங்கே சிக்கல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வீட்டைக் கூட்டுகிற குழந்தையைப் பெற்றவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருக்காது என்று தெரியும், இருந்தாலும் அந்த விழிப்பு அதன் உடம்புக்கு நல்லது.

வெளிநாடுகளிலும் ஒரு காலத்தில் குப்புறப் போடச் சொன்னவர்கள் டாக்டர்கள்தான். நெதர்லாந்தில் 1970களில் அந்த வழக்கம் பரவியபோது, நன்றாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் தொட்டில் மரணங்கள் கூடின. 1987இல் அங்கே அறிவுரையைத் திருப்பிப் போட்டார்கள், எண்ணிக்கை இறங்கியது. இங்கிலாந்து 1991இல், அமெரிக்கா 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடத்தின. அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் அந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை, கருவியில்லை, குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைப்பது நடுவழி மாதிரித் தோன்றும், ஆனால் அந்த நிலை நிற்காது, பாதி ராத்திரியில் குப்புறச் சாய்ந்துவிடும்.

"மல்லாக்கப் போட்டா கக்குற பால் மூச்சுக்குழல்ல போயிடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான பயம், ஆனால் உடலமைப்பு வேறு மாதிரி இருக்கிறது. உணவுக்குழல் மூச்சுக்குழலுக்குப் பின்னால் ஓடுகிறது. மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும், கக்கின பால் மூச்சுக்குழலுக்குள் போகவேண்டுமென்றால் மேல்நோக்கி ஏறவேண்டும். குப்புறப் படுத்தால் எல்லாம் தலைகீழ், பால் நேராக மூச்சுக்குழலின் வாசலில் வந்து தேங்கும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துவிட்டு மல்லாக்கப் போடுங்கள், போதும்.

1994இல் ஃபிலியானோ, கின்னி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள், இன்றுவரை அதுதான் நிற்கிறது. மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் விபரீதம் நடக்கிறது: மூளைத்தண்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பலவீனம், வளர்ச்சியில் ஒரு குறிப்பிட்ட வயது, வெளியிலிருந்து ஒரு நெருக்கடி, அதாவது குப்புறத் தூக்கம், முகத்தில் துணி, அதிகச் சூடு மாதிரி. முதலாவதை எந்த ஸ்கேனும் முன்கூட்டிக் காட்டாது. இரண்டாவதை நாம் மாற்ற முடியாது, 2 முதல் 4 மாதம் வரை உச்சம், பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்துக்குள். கையில் இருப்பது மூன்றாவது மட்டும்.

அந்த வயதைக் கவனித்தீர்களா? நம் வழக்கப்படி தாய்வீட்டில் பிரசவம், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பார்த்து டெல்லிக்குக் கூட்டிவருவது. செப்டம்பரில் மதுரையில் பிறந்த குழந்தை, கெட்டியான பாயில் பருத்தித் துணியோடு தூங்கிக்கொண்டிருந்தது, உச்ச வயதில் சரியாக ஜனவரிக் குளிரில் டெல்லிக்கு வந்து இறங்குகிறது. ராத்திரி வெப்பநிலை 5, 6 டிகிரி, செங்கல் சுவர், மொசைக் தரை, எல்லாமாகச் சேர்ந்து வீட்டையே பனிப்பெட்டி ஆக்குகின்றன. பயந்துபோய் எல்லாரும் துணியைக் குவிக்கிறார்கள்.

குளிரைக் குழந்தையின் மேல் துணி போட்டுச் சமாளிக்காமல், அறையில் சமாளிக்க வேண்டும். எண்ணெய் ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, தூங்கும்போது குறைத்துவிடலாம், குழந்தையின் முகத்துக்கு நேராக வைக்கக் கூடாது. உடை என்றால் நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு மட்டும் கூடுதல். போர்வைக்குப் பதில், கையில்லாத சட்டையின் அடியைப் பை மாதிரி மூடித் தைத்தது ஒன்றிருந்தால் போதும். மார்க்கெட் டெய்லர் எவரும் தைத்துத் தருவார், கழுத்து அளவு மட்டும் முகம் உள்ளே நழுவாதபடி இருக்கவேண்டும். சூடு சரியா என்று பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள், அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். குல்லாவும் இதே கணக்குதான்: குழந்தை அதிகச் சூட்டை வெளியே தள்ளுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு, வீட்டுக்குள் தூங்கும்போது அதை மூடிவைத்தால் சூடு உள்ளேயே நிற்கும், நழுவினால் மூக்கின் மேல்தான் விழும். குறைமாதம், எடை குறைவு என்று டாக்டர் குல்லா போடச் சொல்லியிருந்தால் அது வேறு.

அங்கீட்டி என்கிற கரி அடுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். டெல்லியில் குளிர்காலம்தோறும் அங்கீட்டியை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல்போன செய்தி வருகிறது, அதுவும் பெரியவர்களே. குழந்தை இருக்கிற வீட்டில் அது வாசலுக்கு வெளியே மட்டும். சாம்பிராணிப் புகையையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம், நவம்பர் மாதத்து டெல்லிக் காற்றுக்கு நம் பங்குக்கு வேறு புகை சேர்க்க வேண்டாம்.

படுக்கை கெட்டியாக இருக்கவேண்டும், எவ்வளவு கெட்டி என்பதற்கு உள்ளங்கையை அழுத்தி எடுங்கள், தடம் அப்படியே நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. இங்கே குளிர் தொடங்கும்போது தெருவில் வந்து பஞ்சு அடித்துக் கொடுப்பார்களே, அந்தப் புதுசாக அடித்த கத்தா என்கிற பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், குழந்தைக்கு ஆபத்து. பழசாகி இறுகிப்போன கத்தா பரவாயில்லை. தரையில் ஒரு மரப்பலகை, மேலே ஜமுக்காளம், அதன்மேல் மெல்லிய மெத்தை, இழுத்துச் செருகின விரிப்பு: பார்க்க ஏழ்மையாக இருக்கும், படுக்கை என்றால் இதுதான். தொட்டில் வாங்கினால் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். உள்ளே சுற்றிலும் கட்டும் பஞ்சுத் தடுப்பை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கு நாற்காலிகளையும் சேர்த்து, முகவாய் நெஞ்சில் இடிக்கும் அதே காரணம்தான்.

பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது பற்றி வெளிநாட்டு அறிவுரையை அப்படியே இங்கே ஒப்பிக்க எனக்கு மனசில்லை. ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில், தனிப் படுக்கையில், குறைந்தது ஆறு மாதம், இதுதான் மிகப் பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்கள் குழந்தையோடு ஒரே அறையில், பல நேரம் ஒரே படுக்கையில் தூங்குகிறார்கள், இந்த மரணங்களோ அவர்களிடம் வெள்ளையர்களைவிடக் குறைவு. அங்கே தாய்மார்கள் புகைப்பது மிகக் குறைவு, குடி இல்லை, சோபாவில் குழந்தையோடு தூங்குவது அரிது. ஆக, உடன் படுக்கிறவர் யார், படுக்கை எப்படி என்பதைப் பாருங்கள். அப்பா சிகரெட் பிடிப்பவரா, அன்றைக்குக் குடித்திருக்கிறாரா, யாராவது தூக்கம் வரும் இருமல் மருந்து சாப்பிட்டார்களா, குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறந்ததா, எடை 2.5 கிலோவுக்குக் குறைவா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தனிப் படுக்கைதான். சோபாவில் மார்போடு அணைத்தபடி கண் அசருவது எல்லாவற்றையும்விட மோசம். பெட்டிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் நாலு விரல் இடுக்கையும் பாருங்கள், குழந்தை தலை சிக்க அது தாராளம்.

தூளி? அதில் ஆடும் ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்துவது நிஜம். ஆனால் சேலையில் உடம்பு வளைந்து கிடக்கும், முகவாய் நெஞ்சுக்கு இறங்கும், திரும்பினால் துணி முகத்தில் ஒட்டும். கண்ணெதிரே ஆட்டித் தூங்கவைக்கலாம், விளிம்புகள் ஒட்டாமல் நடுவில் ஒரு குச்சி கொடுத்து. தூங்கியதும் எடுத்துச் சமதரையில் போட்டுவிடுங்கள், புரள ஆரம்பித்த பிறகு தூளியே வேண்டாம். கடுகுத் தலையணை மண்டையை உருண்டையாக்கும் என்று இங்கே கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், வைக்காதீர்கள். மண்டை ஒருபக்கம் தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போட்டு விளையாட விட்டாலே போதும்.

ஊருக்குப் போகும் ரயில் ஒன்று பாக்கி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு பகல், இரண்டு ராத்திரி ஆகும், ஏசிப் பெட்டியில் ரயில்வே கம்பளி வேறு கொடுப்பார்கள். அந்தக் குறுகின பெர்த்தில் அம்மாவும் குழந்தையும் கம்பளிக்குள் ஒட்டிப் படுப்பதைவிட, கீழ் பெர்த்தைக் குழந்தைக்கு மட்டும் விட்டு, பையோ தலையணையோ முட்டுக் கொடுக்காமல், பெரியவர்கள் முறைபோட்டு ஒருவர் விளிம்பில் விழித்து உட்கார்ந்து வாருங்கள். கம்பளி உட்கார்ந்திருப்பவருக்கு.