வாயு என்று நினைத்த மூன்று மணி நேரம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் பெரியப்பா வீடு. போன வருஷம் ஒரு நாள் விடியற்காலை, நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாற்போல் அவருக்கு ஒரு பாரம். தாடையும் இடது தோளும் வலித்தன. "வாயுதான், சரியாயிடும்" என்று ஓமத் தண்ணீர் குடித்தார், அப்புறம் சோடா. பனியன் தொப்பலாக நனைந்த பிறகுதான் பெரியம்மா எங்களைக் கூப்பிட்டார். அதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது. வந்தது வாயு இல்லை, மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மாடி ஏறினாலே இப்போது மூச்சு வாங்குகிறது.

ஆறு மாதம் முன்பு, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் ட்ரெட்மில் பரிசோதனையில் எல்லாம் சரி என்றுதான் வந்திருந்தது. "அப்புறம் எப்படி?" என்று பெரியம்மா இன்னமும் கேட்கிறார். நியாயமான கேள்வி.

போர்வெல் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல, ரத்தக்குழாய் வருஷக்கணக்கில் சுருங்கி ஒருநாள் அடைத்துக்கொள்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலான மாரடைப்புகள் அப்படி வருவதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய் 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு அதன் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதைத் தின்ன வரும் வெள்ளை அணுக்கள் தின்று தின்று அங்கேயே செத்துக் குவிகின்றன. மேலே மெல்லிய தோல், உள்ளே கூழ், சீழ்க்கட்டி மாதிரி. பல சமயம் அது குழாயில் பாதியைக்கூட அடைத்திருக்காது. ரத்தம் தாராளமாக ஓடும், ட்ரெட்மில்லில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. கையில் வெட்டுப்பட்டால் உறைவதுபோலவே ரத்தம் அங்கேயும் உறைகிறது. சில நிமிஷங்களில் குழாய் மூடிவிடும். அரை மணி நேரத்துக்குள் இதயத் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப முளைப்பதில்லை.

அந்தக் கட்டி உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிற வேலை. பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, பிரஷர் எல்லாம் அதைச் சீண்டுகின்றன. ஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பைக் குறைப்பதோடு கட்டியின் தோலையும் கெட்டியாக்குகிறது. பெரியப்பா ரிப்போர்ட் நன்றாக வந்ததும் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தியிருந்தார். எனக்கு ஆறாத வருத்தம் அதுதான். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடங்கள்; உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். சோடா தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள், தயவுசெய்து நீங்களே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். வலி நிற்காவிட்டால் இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.