கை மரத்துப்போகிறதா? இ.எஸ்.ஐ.யில் என்ன கேட்டுப் பெறலாம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டுகிறவர் ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை கத்தரியை அழுத்துகிறார். அத்தனை அழுத்தமும் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய தசைநாணில்தான் விழுகிறது. முதலில் சாயங்காலம் மட்டும் வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் போய்விடும். அப்புறம் திங்கள் காலையிலேயே வலி தொடங்கும். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுரீரென்று இழுத்தால் தசைநாண் உறை வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

ஓவர்லாக் டெய்லர், அயர்ன் மாஸ்டர் போன்றவர்களுக்கு வேறு மாதிரியும் வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், நடுராத்திரியில் எழுந்து கையை உதறுவார்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம் இது. இதைத் தைலத்தோடு விட்டுவிடக் கூடாது. நாள்பட்டால் பிடி தளர்ந்து, கத்தரியே கையில் நிற்காது.

சரி, இதற்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் என்ன உண்டு? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இதற்குள் வருகிறார்கள். பீஸ் ரேட்காரர்களும் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்திதான். சந்தாவில் சம்பளத்தில் 0.75 சதவீதம் நம் பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. 14,000 வாங்குகிறவரிடம் 105 ரூபாய் பிடிக்கிறார்கள். பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் நாலைந்து பேரை வைத்து நடக்கும் தறிக்கூடங்கள் பெரும்பாலும் இதற்கு வெளியேதான் நிற்கின்றன. அது பெரிய அநியாயம்.

வேலையால் வரும் நோய்களுக்குச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மில்லில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் உண்டு, இரைச்சலால் காது மந்தமாவதும் உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கைவலி அதில் இல்லை. பனியன் ஊரில் இது சேர வேண்டிய நோய் என்றுதான் சொல்வேன். சேராததால் பணக்கணக்கு மாறுகிறது. பட்டியல் நோய்க்கும் வேலையிடத்து விபத்துக்கும், வேலை செய்ய முடியாத காலம் முழுக்கச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மெல்ல மெல்ல வந்த கைவலிக்குக் கிடைப்பது நோய்க்கால உதவித்தொகை: 70 சதவீதம், ஒரு வருடத்தில் அதிகபட்சம் 91 நாள். அதற்கும் முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது.

ஆனால் வலி ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் வந்திருந்தால் கதை வேறு. துணிக்கட்டைத் தூக்கும்போது தோள்பட்டையில் 'படக்'கென்று பிடித்தது என்றால் அது விபத்து. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் நாளும் நேரமும் ஏற்றச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும், எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

டாக்டரிடம் "கை வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை, எந்தக் கை, எத்தனை வருடம், ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறீர்களா, ராத்திரி மரக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லி, உங்கள் வேலையைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் வேலை மாற்றிக் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் சாட்சி. லீவுச் சான்றையும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ மருத்துவமனையிலோதான் வாங்க வேண்டும். வெளி கிளினிக் சீட்டை நம்பி வீட்டில் இருந்துவிட்டு, பணம் வராமல் தவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

லீவு எடுத்தால் கம்பெனி நிறுத்திவிடுமோ என்று பயந்துதான் பலர் வலியோடு உட்கார்ந்து தைக்கிறார்கள். நோய்க்கால உதவித்தொகை வாங்கும் நாட்களில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த நாட்களில் கொடுக்கப்படும் நீக்க நோட்டீஸும் செல்லாது.